பழைய த்ரீ நாட் த்ரீக்கு வீட்டில் வார்த்த ஈயக் குண்டு: அச்சும் உருக்குப் பானையும் பற்றி ஒரு மதிப்பீடு

துப்பாக்கியின் கழுத்தில் ஒரு மகுடமும், அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்துகளும், வங்காளத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை உள்ள இஷாப்பூர் என்ற ஊர்ப்பெயரும், 1942 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. பாளையங்கோட்டையில் காவல்துறை ஆயுதக் கிடங்கில் 26 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவராக இருந்து, இதே பொறிப்பைத் துடைத்து எண்ணெய் பூசிப் பதிவேட்டில் ஒப்பமிட்டவன் நான். அதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வீட்டு நிலவறைச் சுவரில் கண்டபோது என் மனம் என்ன பாடுபட்டது என்பது வேறு கதை. அந்தத் துப்பாக்கியிலும் அதன் பக்கத்தில் தொங்கிய இன்னொரு பழைய இராணுவத் துப்பாக்கியிலும், வீட்டிலேயே வார்த்த ஈயக் குண்டுகளை ஐந்து மாதம் சுட்டுப் பார்த்ததில், அதற்கென்று கடையில் விற்கும் கருவிகளில் எது காசுக்குத் தகும், எது தகாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வரும் பழைய தோழர்கள் ஊர் திரும்பிய நாள் முதல் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அடுத்து விமானம் ஏறப்போகிறவர்களும் அவர்களுள் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டாவோ குண்டோ தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மேலும் த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 அங்குலம் என்பது தனியார் வைத்துக்கொள்ளத் தடை செய்யப்பட்ட அளவு. அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்டிக்கொள்ள மத்திய உரிமம் தேவையில்லை. ஆனால் சுற்றுலா விசாவில் சென்ற வெளிநாட்டவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதற்கு அங்கும் தடை உண்டு. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. ஆகவே 63 வயதில் நான் பதின்மூன்று வயதுச் சிறுவர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேர்வெழுதி, உரிமம் வாங்கிய பிறகே துப்பாக்கியைத் தொட்டேன். ஒரு மானைக்கூட நான் சுடவில்லை, உரிமம் சட்டத்துக்காக.

துப்பாக்கிகளின் உரிமையாளர் என் மருமகனின் அண்ணன். வீரவநல்லூரில் பிறந்து, அமெரிக்கக் குடிமகனாகி இருபது ஆண்டுகள் ஆனவர். அவர் வைத்திருந்தவை இரண்டு. ஒன்று மேற்சொன்ன இஷாப்பூர் துப்பாக்கி. லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியில் 1907இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மூன்றாம் மார்க் வடிவத்தைச் சேர்ந்தது. மற்றது அதே லீ-என்ஃபீல்ட் குடும்பத்தின் நான்காம் எண் துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்காக மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிகோபி ஃபால்ஸ் என்னும் ஊரில் சாவேஜ் நிறுவனம் செய்தது. ‘அமெரிக்க அரசின் உடைமை’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பொறிப்பு அதன் உடலில் இருக்கிறது. இரண்டும் ஒரே .303 தோட்டாவைத்தான் சுடும். ஆனால் ஈயக் குண்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது என்பதைக் கற்றுக்கொள்வதற்குள் ஏறத்தாழ நானூறு குண்டுகள் வீணாயின.

வார்ப்பதற்கு முன் உலோகம் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்களை அடக்கிவிடுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே நவச்சாரம் போட்டுப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். உவரிக் கடற்கரையில் வலை முங்குவதற்காகக் கட்டும் குண்டு காரீயம். துப்பாக்கிக் குண்டுக்கு இரண்டும் வேண்டும். மூன்றாவதாக ஆண்டிமனியும் வேண்டும். காரீயம் தனியாக மிகவும் மிருதுவானது, நகம் பட்டாலே கோடு விழும். வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் இளகி ஓடும். ஆண்டிமனி சேர்த்தால் கடினமாகும். குளிரும்போது சுருங்குவதும் குறையும். அமெரிக்க வார்ப்பாளர்கள் அளவுகோலாகக் கொள்ளும் ஒரு கலவையில் 90 பங்கு காரீயமும், 5 பங்கு வெள்ளீயமும், 5 பங்கு ஆண்டிமனியும் இருக்கின்றன. பழைய லைனோடைப் அச்சு இயந்திரங்களின் உலோகத்தில் ஆண்டிமனி 12 பங்கும், வெள்ளீயம் 4 பங்கும், மிச்சம் காரீயமும். என் தாய்மாமா திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். சிறுவயதில் நான் படித்த சைவ சித்தாந்தக் கழகப் பதிப்புகள் எல்லாம் ஈய எழுத்தில் அச்சேறியவை. எழுத்தின் விளிம்பு கூர்மையாக வார்ந்து வருவதற்காகச் சேர்த்த அதே ஆண்டிமனிதான் குண்டின் விளிம்பையும் கூர்மையாக்குகிறது. புத்தகம் போடுவதற்கும் அச்சு, குண்டு வார்ப்பதற்கும் அச்சு என்று நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எங்களுக்குக் கிடைத்தவை கார்ச் சக்கரங்களில் சமநிலைக்காகப் பொருத்தும் பழைய எடைக்கட்டிகள். டயர்க் கடையில் ஒரு வாளி நிறையக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் அவற்றில் பாதிக்கு மேல் இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. துத்தநாகம் 419 செல்சியஸ் பாகையில் உருகும், காரீயம் 327 பாகையிலேயே உருகிவிடும். எனவே வெப்பமானியைப் பானைக்குள் வைத்து 370 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் துத்தநாகக் கட்டிகள் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கவனம் பிசகித் துத்தநாகம் உள்ளே உருகிக் கலந்துவிட்டால் அந்தப் பானை உலோகம் முழுவதும் கஞ்சி திரிந்ததுபோல் ஆகிவிடும். அதில் ஒரு நல்ல குண்டும் வராது. வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி அச்சு. நிறுவனத்தின் பெயரை எழுதி வம்பு வளர்க்க விருப்பமில்லை. .312 அங்குலம், 185 கிரெயின், உருண்டை மூக்கு, அடியை வெந்த வாயுவிலிருந்து காக்கும் சிறு செம்புக் கிண்ணம் பொருத்துவதற்குப் படி, அலுமினியத்தில் இரட்டைக் குழி என்று சொன்னால் அந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். எடை நம் கணக்கில் 12 கிராம். இராணுவம் வழங்கிய ஏழாம் மார்க் தோட்டாவின் குண்டு 174 கிரெயின். எனவே எடையில் பெரிய வேறுபாடில்லை. விலை மிகக் குறைவு. எஃகு அச்சு ஒன்று வாங்கும் பணத்தில் இதைப் போல் மூன்று நான்கு வாங்கலாம். அலுமினியம் சீக்கிரம் சூடேறும். ஐந்தாவது ஊற்றிலேயே குண்டு சுருக்கமின்றி வரத் தொடங்குகிறது. கைக்கும் பாரம் இல்லை. கைப்பிடி சேர்த்தே விற்கிறார்கள் என்பதும் ஒரு வசதி.

குறைகளும் உண்டு. குழியின் வாயை மூடும் வெட்டுத் தகட்டின் திருகு ஒவ்வொரு முப்பது ஊற்றுக்கும் ஒருமுறை தளர்ந்தது. தளர்ந்த தகடு குண்டின் அடியைச் சமமாக வெட்டாது. குண்டின் அடிப்பாகம் கோணினால் இலக்கில் அது எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. மூக்கில் ஒரு வடு இருந்தாலும் பாதகமில்லை, அடியில் இருக்கக் கூடாது. சுடச்சுட இருக்கும்போதே தகட்டைத் தட்டினால் ஈயம் தகட்டில் பூசிக்கொண்டு அச்சின் மேற்பரப்பைக் கீறுகிறது. ஊற்றிய உலோகத்தின் மேற்பகுதி பளபளப்பிழந்து மங்கும்வரை சில விநாடிகள் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். புதிய அச்சில் எண்ணெய்ப் பசை இருந்தால் குண்டு திராட்சைப் பழம் வற்றியதுபோல் சுருங்கி வரும். சோப்பும் பல்துலக்கியும் கொண்டு நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகு அந்தச் சிக்கல் போயிற்று.

உருக்குப் பானை மின்சாரத்தில் இயங்குவது. ஒன்பது கிலோ கொள்ளும். அடியில் துளையும், அதை அடைத்துத் திறக்கும் கம்பியும் உண்டு. பிடியைத் தூக்கினால் கீழே வைத்திருக்கும் அச்சுக்குள் உலோகம் இறங்கும். கரண்டியால் மொண்டு ஊற்றுவதைவிட வேகம் இரட்டிப்பாகும் என்பது உண்மை. அந்தத் துளை ஓயாமல் சொட்டும் என்பதும் உண்மை. கசடு ஒரு கடுகளவு துளையில் சிக்கினாலும் கம்பி சரியாக உட்காராது. முதல் நாள் மேசையில் சொட்டிய ஈயம் உறைந்து தூண்போல் வளர்ந்து நின்றது. பயன்படுத்துபவர்கள் எல்லாரும் அடியில் ஒரு பழைய தகர டப்பாவை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். கம்பியின் தலையில் இருக்கும் வெட்டில் திருப்புளியை வைத்துத் திருகி உரசவிட்டால் சிறிது நேரம் அடங்கும். இந்தப் பானைக்கு நான் நடுத்தரமான மதிப்பெண்ணே தருவேன். வேகம் தேவையில்லாத ஓய்வூதியக்காரர் கனமான இரும்புச் சட்டியும் மொள்ளும் கரண்டியுமே வாங்கலாம்.

“மாமா, நெத்தி வேர்வையைத் தொடைச்சிட்டு வாங்க, ஒரு சொட்டு உள்ள விழுந்தாப் போதும்” என்று முதல் நாள் மாப்பிள்ளை எச்சரித்தார். நான் சிரித்தேன். உருகிய ஈயத்துக்குள் நீர் சிக்கினால் நொடியில் ஆவியாகி விரிந்து, பானையிலிருப்பதை முகத்தின்மேல் வீசியடிக்கும் என்பதை அவர் தம் தடித்த தோல் உறையில் ஒட்டியிருந்த வெள்ளிப் புள்ளிகளைக் காட்டி விளக்கிய பிறகு சிரிக்கவில்லை. முழுக்கைச் சட்டை, தோல் உறை, முகமூடிக் கண்ணாடி, மூடிய காலணி ஆகியவை இல்லாமல் பானைப் பக்கம் போகக் கூடாது. குளிர்ந்த எடைக்கட்டியை நிறைந்த பானையில் நேராகப் போடவும் கூடாது. அதில் ஈரம் ஒட்டியிருக்கலாம்.

இப்போது இந்த மதிப்பீட்டின் மையமான செய்திக்கு வருகிறேன். .303 என்பது குழலின் உட்சுவரில் எழும்பி நிற்கும் மேடுகளுக்கு இடையேயான அளவு. குண்டு அடைத்துச் செல்ல வேண்டியது மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை. அவற்றின் அளவு .311 அங்குலத்திலிருந்து .316 வரைகூட மாறுகிறது. போர்க்காலத் தயாரிப்பில் இதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. செம்பு உறை போர்த்திய இராணுவக் குண்டு அழுத்தத்தில் தன்னைச் சரிசெய்துகொண்டு போய்விடும். ஈயக் குண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளத்தைவிட ஒரு நூலிழை சிறியதாக இருந்தாலும், வெந்த வாயு அதன் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கி அறுத்து, குழலின் சுவரில் பூசிவிடும். பல ஆண்டுகள் கார்டைட் மருந்து சுட்ட துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: அந்த மருந்து மிகுந்த வெப்பத்துடன் எரிவதால் குழலின் தொண்டைப் பகுதி அரித்துப்போய் அகன்றிருக்கும். இந்த நிலையில், ‘முந்நூற்று மூன்றுக்கு உகந்தது’ என்று பெட்டியில் எழுதி .312 அளவில் அச்சு விற்பது, கால் அளக்காமல் செருப்பு விற்பதைப் போன்றது.

நாங்கள் அளந்தது இரண்டாவது மாதத்தில். முதல் நாளே அளந்திருக்க வேண்டும். ஆர்மரர் என்ற இறுமாப்பு தடுத்துவிட்டது. முறை எளியது. எண்ணெய் தடவிய குழலுக்குள் மிருதுவான காரீய உருண்டை ஒன்றை மரச் சுத்தியால் தட்டி நுழைத்து, கோலால் மறுபக்கம் வெளியேற்றி, அதில் பதிந்த வரிகளை மைக்ரோமீட்டரால் அளப்பது. சாவேஜ் துப்பாக்கியில் பள்ளங்கள் இரண்டே. போர்க்காலத்தில் உற்பத்தியை விரைவுபடுத்த அப்படிச் செய்தார்கள். எதிரெதிரே இருப்பதால் அளப்பது நிமிட வேலை: .313. இஷாப்பூர் துப்பாக்கியில் பள்ளங்கள் ஐந்து. ஐந்து என்பது ஒற்றைப்படை. ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே பொய் சொல்லும். மெல்லிய பித்தளைத் தகட்டை உருண்டையைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி, மொத்தத்தை அளந்து, தகட்டின் கனத்தை இருமுறை கழித்துக் கண்ட அளவு .3155. எங்கள் அச்சிலிருந்து விழுந்த குண்டுகளோ .3125.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் நடந்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. இஷாப்பூர் துப்பாக்கியால் 50 கஜத்தில் பத்து சுட்டதில் நான்குதான் அட்டையில் விழுந்தன. அவற்றுள் இரண்டு, பக்கவாட்டில் புரண்டு சென்று சாவித் துவாரம் போன்ற நீள்வாட்டத் துளையை ஏற்படுத்தியிருந்தன. வாழ்நாளில் மணிமுத்தாற்றுச் சுடுதளத்தில் எத்தனை பேரின் துப்பாக்கியைச் சரிசெய்து கொடுத்திருப்பேன்! மாப்பிள்ளை மரியாதைக்காக வாய் திறக்கவில்லை. குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் சுவர் முழுவதும் மீன் செதில்போல ஈயம். செம்புக் கம்பிச் சுருணையைத் தூரிகையில் சுற்றி இரண்டு மாலைப் பொழுதுகள் தேய்த்தோம். அதே குண்டு, அதே நாளில், சாவேஜ் துப்பாக்கியில் ஓரளவு ஒழுங்காகச் சென்றது என்பதுதான் எங்களைத் தவறான பாதைக்கு அழைத்துச் சென்றது. குறை இஷாப்பூர்க் குழலில்தான், இந்தியச் சரக்கு தேய்ந்துவிட்டது என்று அங்கிருந்த ஒருவர் தீர்ப்பே வழங்கிவிட்டார்.

பலரும் முதலில் சொன்ன ஆலோசனை, கடினமான கலவைக்குப் போங்கள் என்பது. அச்சிலிருந்து விழும் குண்டைச் சூட்டோடு தண்ணீர் வாளிக்குள் போட்டால் ஆண்டிமனி உள்ள கலவை இன்னும் கடினமாகும், அதையும் செய்தோம். ஈயம் ஒட்டுவது குறையவில்லை. சிறிய குண்டு கல்லாக இருந்தால் அழுத்தத்தில் விரிந்து பள்ளத்தை அடைப்பதற்கான கடைசி வாய்ப்பும் போய்விடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. கடினத்தைவிட அளவே முதன்மை. இந்த ஒரு வாக்கியத்தை அச்சு விற்பவர் பெட்டியின்மேல் அச்சிட்டால் எத்தனையோ பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் தப்பும்.

தீர்வு இரண்டு வழிகளில் கிடைத்தது. முதலாவது பவுடர் கோட்டிங். நம் ஊரில் சன்னல் கம்பிக்கும் இரும்பு நாற்காலிக்கும் செய்கிறார்களே, அதே பாலியெஸ்டர் பொடிதான். ஞெகிழி டப்பாவில் குண்டுகளையும் பொடியையும் போட்டுக் குலுக்கினால் உராய்வில் எழும் மின்னூட்டத்தால் பொடி தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு சிறிய அடுப்பில் 200 பாகையில் 20 நிமிடம் சுட வேண்டும். அந்த அடுப்பில் அதன்பின் ஒரு நாளும் சமைக்கக் கூடாது. பூச்சு குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கூட்டுகிறது. சாவேஜுக்கு இதுவே போதும். பூசிய குண்டை .314 அளவுத் துளை வழியாக அழுத்தித் தள்ளி, அடியில் செம்புக் கிண்ணத்தை இறுக்கினோம். 100 கஜத்தில் பத்துக் குண்டு மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன். சுட்டு முடித்த குழலில் ஈயம் பெயரளவுக்குக்கூட இல்லை. பூச்சு போட்டால் தேன்மெழுகு, கொழுப்பு என்று எந்த மசகும் தேவையில்லை. 1857இல் என்ஃபீல்ட் தோட்டாத் தாளில் தடவிய கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்ற கேள்வி எவ்வளவு பெரிய தீயை மூட்டிற்று என்பதை அறிந்தவர்களுக்கு, பச்சை நிறப் பொடியில் அது முடிந்துபோனதைப் பார்ப்பது ஒரு விசித்திரமான ஆறுதல்.

இரண்டாவது வழி இஷாப்பூருக்காக. பூச்சோடும் .3145ஐத் தாண்டாத குண்டு அதற்குப் போதவில்லை. அளவு சொல்லிச் செய்து வாங்கும் எஃகு அச்சு ஒன்றை, .316 குழியுடன், வேறொரு சிறு பட்டறையில் வரவழைத்தோம். வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று. விலையைக் கேட்டபோது எனக்கு ஓய்வூதியம் நினைவுக்கு வந்தது. எஃகு சூடேற நேரம் எடுக்கும், துருப்பிடிக்கும், கை வலிக்கும். ஆனால் முதல் குவியலிலிருந்து எடுத்த இருபது குண்டுகளும் மைக்ரோமீட்டரில் வேறுபாடின்றி நின்றன. வெட்டுத் தகடு ஒருமுறைகூடத் தளரவில்லை. இந்தக் குண்டை ஏற்றுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கட்டிய தோட்டாவின் கழுத்து, துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தடையின்றி நுழைந்து வெளிவர வேண்டும். இராணுவத் துப்பாக்கிகளின் அறை, மண்ணும் சேறும் பட்ட தோட்டாவையும் ஏற்கும்படி தாராளமாகக் குடையப்பட்டது என்பதால் எங்களுக்கு இடையூறு வரவில்லை. இறுக்கமாக இருந்தால் அழுத்தம் அபாயகரமாக உயரும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பித்தளை உறையின் வாயை முன்கூட்டியே சற்று மலர்த்தி வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் குண்டை உட்கார்த்தும்போது உறையின் விளிம்பு கத்திபோல் ஈயத்தைச் சீவிவிடும், பாடுபட்டு வாங்கிய அளவு அங்கே போய்விடும்.

இஷாப்பூர் துப்பாக்கி அதன்பின் 100 கஜத்தில் ஐந்து அங்குலத்துக்குள் பத்துக் குண்டையும் வைத்தது. சாவேஜை எட்டவில்லைதான். ஆனால் தேய்ந்த சரக்கு என்று தீர்ப்புச் சொன்னவர் அட்டையைக் கையில் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

வெடிமருந்தின் வகையையும் அளவையும் இங்கே நான் எழுதமாட்டேன். அச்சிட்ட அட்டவணை நூலிலிருந்து, உரிய குண்டின் எடைக்கு உரிய தொடக்க அளவை எடுத்துக்கொண்டு மேலே செல்வதே முறை. பிறர் சொல்லக் கேட்டு அளப்பது கண்ணையும் விரலையும் பணயம் வைப்பது. வேகத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம். இராணுவத் தோட்டா விநாடிக்கு 2440 அடி வேகத்தில் குண்டைத் தள்ளுகிறது. செம்புக் கிண்ணம் பொருத்திய ஈயக் குண்டு 1600 அடி அளவில் மிக நன்றாக நடந்துகொள்கிறது. இராணுவ வேகத்தை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை வந்தால் குறி சிதறுவதையும் ஈயம் ஒட்டுவதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். மெதுவான குண்டின் உதை தோளுக்கு இதமானது. .303இன் உதையை அறுபது வயதுக்குமேல் ஐம்பது முறை வாங்கியவர்கள் இந்த வரியின் அருமையை உணர்வார்கள்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை காண்குறியில் கிடைத்தது. சாவேஜ் துப்பாக்கியின் பின்காண்குறி இரண்டு நிலைகளை மட்டுமே கொண்டது: 300 கஜம், 600 கஜம். இராணுவத் தோட்டாவை 300 நிலையில் வைத்து 100 கஜத்தில் சுட்டால் ஏறத்தாழ ஒரு சாண் உயரே விழுகிறது. இலக்கின் காலைப் பார்த்துக் குறிவைக்க வேண்டியிருக்கிறது. மெதுவாகச் செல்லும் ஈயக் குண்டு அதே தூரத்தில் கூடுதலாகத் தாழ்வதால், குறிக்கு நான்கு விரற்கடை மேலேயே வந்து விழுந்தது. முன்காண்குறியைச் சற்று உயரமானதாக மாற்றியதும் அதுவும் சரியாயிற்று.

உடல்நலம் பற்றி அமெரிக்கக் கடைகளின் துண்டுத்தாள்கள் மிகச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வதை நான் குறையாகவே கருதுகிறேன். காரீயம் உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். உருக்கும் வெப்பத்தில் எழும் ஆவியைவிட, மேலே மிதக்கும் கசட்டுத் தூசியும், கையில் படிந்த ஈயமுமே வாய்வழியாக உள்ளே போகின்றன. காற்றோட்டமில்லாத நிலவறையில் உருக்குவதை என் மகள் முதல் வாரத்திலேயே நிறுத்தி வைத்தாள்; பானை கார்க் கொட்டகையின் திறந்த வாசலுக்கு நகர்ந்தது. அங்கே தேநீர் குடிப்பதில்லை, வேலைச் சட்டையைத் தனியாகத் துவைப்பது, பேரன் அந்தப் பக்கம் வருவதில்லை என்று மூன்று விதிகளை அவளே எழுதி ஒட்டினாள். ஊரில் வலைக்குண்டு வார்க்கும் வீடுகளிலும் அடுப்படியிலேயே இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இவ்விதிகள் பொருந்தும்.

செலவுக் கணக்கில் ஒரு பொய்யை நம்ப வேண்டாம். வீட்டில் வார்த்தால் காசு மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார். ஈயம் இலவசமாகக் கிடைத்தாலும் செம்புக் கிண்ணம், மருந்துக்குத் தீமூட்டும் கேப்பு, மருந்து, பொடி எல்லாம் விலைக்கு வாங்க வேண்டியவை. இரண்டாவது அச்சு வாங்கிய அன்றே எங்கள் மிச்சம் கரைந்துவிட்டது. பழைய துப்பாக்கிக்கு ஏற்ற இராணுவத் தோட்டா சந்தையில் அருகிவிட்டது. கிடைப்பவற்றிலும் பழைய கேப்புகள் துருவேற்றும் உப்பை விட்டுச்செல்வதால் சுட்டவுடன் குழலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு காரணங்களே வார்ப்பதற்குப் போதுமானவை.

வாங்க நினைப்பவருக்கு என் வரிசை இதுதான். முதலில் மைக்ரோமீட்டரும் காரீய உருண்டையும்; குழலை அளந்த பிறகே அச்சுக்கடை. குழல் .313க்குள் இருந்தால் மலிவான அலுமினிய அச்சும் பவுடர் கோட்டிங்கும் முழு மனநிறைவைத் தரும். அதற்கு மேல் ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. குழல் .313க்கு மேற்பட்டால் மலிவான அச்சில் பணத்தைப் போடாமல் எஃகு அச்சுக்கே காத்திருக்கலாம். அளவுத் துளைக் கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உருக்குப் பானையை மட்டும் நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், நினைவுக்கு ஒரு வெற்று உறையையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளை நீட்டினார். இஷாப்பூரில் சுட்ட உறை அது, கழுத்தில் புகைக்கறை இன்னும் இருந்தது. வேண்டாம் என்றேன். விமான நிலையத்தில் பையை ஊடுகதிரில் பார்ப்பவருக்கு அதன் வரலாறு தெரியாது. இரவில் பெட்டியின் உறைகளையும் கால்சட்டைப் பைகளையும் ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்த்தேன். சட்டைப் பையொன்றில் செம்புக் கிண்ணம் ஒன்று, மிளகளவு, ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.